குடம்புளி மாத்திரையும் என் ஈரலும்

இங்கே ஓட்டலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டால், சுடச்சுட, அதுவும் இளஞ்சிவப்பாகக் கொண்டுவந்து வைப்பார்கள். கல்யாணமாகிக் கேரளத்து மலையில் வண்டன்மேட்டுக்கு வந்த புதிதில், குமுளி ஓட்டல் ஒன்றில் அந்தத் தம்ளரைப் பார்த்துவிட்டு, முன்னால் குடித்த யாரோ வெற்றிலை எச்சிலோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தள்ளிவைத்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் இங்கேயே பிறந்தவர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர். “பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வச்சது. இங்கிட்டு எல்லாரும் இதத்தான் குடிப்பாங்க. ரத்தத்துக்கு நல்லது,” என்றார். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்த எனக்குத் தண்ணீர் என்பது நிறமில்லாத ஒன்று, கோடையில் ஆளையே காணாத ஒன்று. இருபது வருடத்தில் நானும் தினமும் பட்டை போட்டுக் கொதிக்க வைக்கிறவளாகிவிட்டேன். ஊரிலிருந்து யாராவது வந்தால், அவர்கள் தம்ளரை உற்றுப் பார்ப்பதை இப்போது நான் வேடிக்கை பார்க்கிறேன்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே செடிகொடிகளின் மேல் இவர்களுக்கு இருக்கிற நம்பிக்கை நமக்குத் தெரிந்த நம்பிக்கை இல்லை. நம் பக்கம் செடி என்றால் ஒன்று விதைத்தது, இல்லாவிட்டால் கருவேல முள். இங்கே வேலியில் முளைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நோய். அடுத்த வீட்டு லீலாம்மா சேச்சி முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தால் கையில் இருமலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, குழந்தையின் சொறிக்கு ஒன்று இருக்கும். நம் ஆடி மாதத்தை இவர்கள் கர்க்கடகம் என்பார்கள். அந்த மாதம் முழுக்க வீட்டில் மருந்துக் கஞ்சிதான். மருந்தைச் சோறாகக் காய்ச்சி, தொட்டுக்கொள்ளத் துவையல் வைத்துச் சாப்பிடுகிற ஊரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. முதல் மழைக்காலத்தில் சேச்சி வீட்டு அடுப்புக்கு மேலே கரிக்கட்டைபோல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. குட்டிப் பூசணிபோல மஞ்சளாகக் காய்த்து, புகையில் உலர்ந்து கறுத்த குடம்புளி. அதில் இரண்டு சுளை போட்டு அவள் வைத்த மத்திக் கறியை மறுநாள் காலையில் சாப்பிட்டேன். பழைய மீன்குழம்பின் ருசி எனக்குத் தெரியும் என்று அதுவரை இறுமாப்போடு இருந்தவள் நான். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

வந்தபோது நான் நாற்பத்தாறு கிலோ. ஏலக்காய் ஸ்டோரில் வேலை கிடைத்தது. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, காய்ந்து வந்த காயில் பெரியது, சிறியது, பச்சை, வெளுத்தது என்று பொறுக்கிப் பிரிக்கிற வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கலாம். மத்தியானம் சோறு, மரச்சீனிக்கிழங்கு, நாலு மணிக்குச் சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும். மூட்டை நிறுக்கிற தராசில் விளையாட்டாக ஏறி நிற்போம். ஒவ்வொரு வருடமும் முள் கொஞ்சம் தள்ளி நின்றது. ஊருக்குப் போனால், “கேரளாத் தண்ணி ஒத்துக்கிட்டுதுட்டி” என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். எண்பத்தொன்பது கிலோவை நான் ஒரு பதவி உயர்வுபோலத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

என் தம்பி கணேசன் ஊரில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனும் உட்கார்ந்தே பெருத்தவன். கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. வாழ்க்கையில் ஒரு சொட்டு சாராயத்தைத் தொட்டவன் இல்லை. போன வருடம் அவன் கால் வீங்கியது, வயிற்றில் தண்ணீர் கட்டியது, கண் மஞ்சளானது. ஊர் வழக்கப்படி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகுதான் ஸ்கேன். ஈரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்கிவிட்டது, பல வருடமாகச் சேர்ந்த கொழுப்பு செய்த வேலை என்றார்கள். குடிக்காதவனுக்கு ஈரல் கெடும் என்பதை ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவன் முகத்துக்கு நேரே, “இனிமேலாவது விட்டுரு” என்று புத்தி சொன்னார்கள். அவன் பெண்டாட்டி என்னிடம் போனில் அழுதாள். “மதினி, இவுக ஒரு நாளாவது குடிச்சிருக்காவளா, நீங்களே சொல்லுங்க. நான் வெளிய தல காட்ட முடியல.”

எங்கள் ஸ்டோர் முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் கொச்சியில் ஈரல் மாற்றிப் பிழைத்திருந்தார். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு தம்பியை அங்கே கூட்டிப் போனோம். டாக்டர் ஒரு மலையாளி, தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு அவர் பேசியது ஒரு தனி மொழி. ரத்த உறவு யாராவது தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு மிச்சம் இருப்பது சில மாதங்களில் முழுசாக வளர்ந்துவிடும், வாங்கினவருக்குள்ளும் அது வளரும் என்றார். நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். வெட்டின வாழைக்கு மறுபடி குருத்து வருவது தெரியும். மனுஷ உடம்புக்குள் அப்படி ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு நாற்பத்தோரு வருடம் நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். தம்பி பெண்டாட்டியின் ரத்த வகை பொருந்தவில்லை, அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். “நான் தாரேன்” என்று எழுந்து நின்றேன்.

என்னை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய ஈரல் வெள்ளையாகப் பளபளத்தது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. “இந்த வெள்ளை முழுக்க கொழுப்பு,” என்றார் அவர். “உங்க அனியன்றெ லிவர் ஆத்யம் இதுபோலத்தான் இருந்திருக்கும். இது கொடுக்கான் பற்றில்லா.” கொடுக்க முடியாது என்கிறார். அனியன் என்றால் தம்பி, ஆத்யம் என்றால் முதலில். அவன் போன சாலையில் நானும் பாதி தூரம் வந்துவிட்டேன் என்று ஒரு படத்தில் காட்டிவிட்டார். மூன்று மாதத்தில் பத்து கிலோ இறக்கிக்கொண்டு வா, கொழுப்பு இறங்கும், பார்க்கலாம் என்று அனுப்பினார்கள்.

பத்து கிலோ. நாற்பத்து மூன்று கிலோவை ஏற்ற இருபது வருடம் ஆனது, பத்தை இறக்க மூன்று மாதம். ஸ்டோரில் என் பக்கத்தில் உட்காரும் மேரி இதைக் கேட்டதும் மறுநாளே ஒரு டப்பாவோடு வந்தாள். மேரி பீர்மேட்டு எஸ்டேட் லயத்தில் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே இந்த டப்பாக்களை விற்றுக்கொண்டு வருவாள். அவளும் அதைச் சாப்பிட்டு இளைத்தவள்தான். “அக்கா, இதுல கெமிக்கல் ஒண்ணும் கெடையாது. படத்தப் பாருங்க. நம்ம குடம்புளி, நம்ம தேயில. சத்த மட்டும் எடுத்து அடச்சிருக்காங்க.” டப்பாவில் ஒரு மஞ்சள் குடம்புளியும் இரண்டு தேயிலைக் கொழுந்தும் சிரித்துக்கொண்டிருந்தன. வீட்டு மீன்கறியில் தினமும் கொதிக்கிற புளி, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற இலை. இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு இரண்டு என்று போட்டிருந்தது. எனக்குத்தான் அவசரம் ஆயிற்றே, புளிதானே என்று நாலு போட்டேன். காலையில் கஞ்சிக்கு முன்னால் இரண்டு, இரவுச் சோற்றுக்கு முன்னால் இரண்டு.

எடையும் இறங்கியது. ஆறு வாரத்தில் ஐந்து கிலோ. பசியே இல்லை. தராசில் ஏறும்போதெல்லாம் அந்த டப்பாவைக் கும்பிட்டேன். உடம்பு கொஞ்சம் சோர்வாக இருந்தது, இளைத்தால் அப்படித்தான் என்று நினைத்தேன். கைகால் அரித்தது, மழைக்காலம் என்று நினைத்தேன். மூத்திரம் பாலில்லாத கட்டன்சாயா நிறத்துக்குப் போனது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: பதிமுகத் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கிறோம், அந்த நிறம்தான் இறங்குகிறது. ஒரு கைப்பிடி ஏலக்காயில் வெளுத்த காய் எது என்று சொல்லிவிடுகிற கண் எனக்கு. அந்தக் கண்ணால் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

இரண்டாவது பரிசோதனைக்குக் கொச்சிக்குப் போனபோது மாலை எதிர்பார்க்கிறவள்போலப் போனேன். ரத்த முடிவைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. என் ஈரல் காயப்பட்டிருக்கிறது, கொழுப்பால் இல்லை, ஏதோ புதிதாக அடித்திருக்கிறது என்றார். மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கெல்லாம் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. குடிப்பதுண்டா? இல்லை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. நான் பொய் சொல்லவில்லை. மருந்து என்பது நோய்க்காரர்கள் சாப்பிடுவது. எனக்கு நோய் எதுவும் கிடையாது. நான் புளி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் காகிதத்தை மூடினார். இப்போதைக்கு உங்களைக் கொடையாளியாக எடுக்க முடியாது என்று, இந்தத் தடவை நல்ல தமிழில் சொன்னார்.

தம்பி அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில் இருந்தான். வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். விஷயத்தை அவன் பெண்டாட்டி சொல்லியிருந்தாள். “அவசரப்படாதக்கா,” என்றான். “ஒனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா அத்தான் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?” பிறகு அங்கே வந்த நர்ஸ் என் பெயர் என்ன என்று அவனிடம் கேட்க, என்னைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தான். என் பெயர் அவனுக்கு வரவில்லை. ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்குப் போனால் இப்படி ஆகுமாம். என் ஈரக்குலை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்குப் பழகிப்போன வார்த்தையாகத் தெரியும். எனக்கு அன்று அது நிஜமாகவே நடுங்கியது.

கீழே சாப்பாட்டு ஆலோசகர் அறைக்கு ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். இனி என்ன ஆலோசனை என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார், நான்தான் சும்மா போய்வருவோம் என்றேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு மலையாளிப் பெண், ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். மருந்தைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. நேற்று விடிந்ததிலிருந்து வாய்க்குள் போனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னாள். “எல்லாம் பறயூ சேச்சி. வெள்ளம் வரை.” வெள்ளம் என்றால் இவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர். நான் சொன்னேன். பதிமுகத் தண்ணீர் ஒரு தம்ளர். குடம்புளி மாத்திரை இரண்டு. கஞ்சி, பயறு. பத்து மணிக்குக் கட்டன். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள். “எந்து மாத்திரை?” என்று கேட்டாள். என் கைப்பையிலேயே டப்பா இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படித்தாள், எழுந்தாள், டப்பாவோடு மாடிப்படியில் ஓடினாள். ஒரு ஆஸ்பத்திரியில் ஒருத்தி புளிக்காக ஓடி அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார், காரணம் கிடைத்துவிட்டதில் பாதி நிம்மதியாகத்தான் இருந்தார். தன் வீட்டிலும் மீன்கறிக்குக் குடம்புளிதான் என்றார். கறியில் இரண்டு சுளை கொதிப்பது வேறு, சட்டி சட்டியாகப் புளியின் சாரத்தையும் தேயிலையின் சாரத்தையும் இறுக்கி ஒரு கூட்டுக்குள் அடைத்து விழுங்குவது வேறு. எல்லாருக்கும் ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு ஈரலை அடித்துவிடுகிறது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, கொழுப்பேறிய ஈரலோடு நாலு மாத்திரை என்றால் கேட்கவே வேண்டாம். இத்தனையையும் பொறுமையாகச் சொன்னார். நான் அதற்கு என்ன மருந்து என்று கேட்டேன். “மருந்து இல்ல. நிறுத்தணும். அது தன்னெ சரியாக்கும்,” என்றார்.

நிறுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு வேர் அரைக்கவில்லை, ஒரு கஷாயம் குடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் அரிப்பு போனது. நாலு வாரத்தில் ரத்தத்தில் எண்கள் பாதிக்குமேல் இறங்கின, ஏழாவது வாரம் மனுஷ ரத்தமாகிவிட்டது. நான் அடித்துப்போட்ட ஒன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் எழுந்து உட்கார்ந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கோயிலில் நின்றுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. மேரிதான் பயந்துபோனாள். தானும் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அது அவளை இன்னும் அழவைத்தது. மிச்ச டப்பாக்களை என் முன்னாலேயே குழியில் கொட்டி மூடினாள். “ஒரே டப்பாதானக்கா நாம ரெண்டு பேரும் சாப்பிட்டோம்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எடை இன்னும் இறங்க வேண்டியிருந்தது. இந்த முறை குறுக்கு வழி இல்லை. சோறு பாதியானது, கிழங்கும் பழம்பொரியும் போயின. வீட்டிலிருந்து ஸ்டோருக்கு இரண்டு மேடு, ஒரு இறக்கம். இருபது வருடமாக வீட்டுக்காரரின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போனவள் நடக்கத் தொடங்கினேன். நான் விழுந்துவிடுவேன் என்று அவர் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வருவார். ஜீப் நிறையத் தோட்டத்துப் பெண்கள். வேலைக்கு நேரமாகிறதே என்று அவர்கள் கத்தியதும், “தம்பிக்காக நடக்குறா, பேசாம வாங்க” என்று இவர் பதிலுக்குக் கத்தியதும் அந்த மலை முழுக்கக் கேட்டது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்களில் பாதிப் பேர் இறங்கி என்னோடு நடந்து வந்தார்கள். கொச்சியில் தம்பிக்கு இன்னும் இரண்டு முறை வயிற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் மூச்சு வாங்கும்போது அவன் என் பெயரைத் தேடிய முகம் வந்து நிற்கும். அதற்குமேல் நான் உட்கார்ந்ததில்லை.

ஐந்தாம் மாதம் டாக்டர் மறுபடி திரையைத் திருப்பினார். வெள்ளை போயிருந்தது. மழைமேகம்போலச் சாம்பல் நிறத்தில், தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டு கிடந்தது என் ஈரல். எனக்கு அழுகை வந்தது. வலதுபக்கப் பெரிய பங்கை எடுத்து அவனுக்கு வைப்போம் என்றார்கள். இரண்டு மாநிலத்துக் காகிதங்களும் கையெழுத்தாகி வந்தன. ஆபரேஷன் அன்று காலையில் என் தலையைப் பின்னிவிட்ட நர்ஸ், “பேடிக்கண்டா கரளே” என்றாள். பயப்படாதே என்கிறாள். கரள் என்றால் ஈரல். லீலாம்மா சேச்சி தன் பேத்தியைக் கொஞ்சுவதும் அப்படித்தான். நம் பக்கம் பயம் வந்து தங்குகிற இடத்தில் இவர்கள் பாசத்தைக் குடிவைத்திருக்கிறார்கள். மயக்கம் வரும்வரை இரண்டும் ஒன்றாகவே எனக்குள் இருந்தன.

மூன்றாம் நாள் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். கண்ணில் மஞ்சள் இல்லை. ஆறு மாதம் கழித்து எங்கள் இருவரையும் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்குள் விட்டுவைத்த சின்னப் பங்கு வளர்ந்து அந்த இடத்தை நிரப்பியிருந்தது. அவனுக்குள் போனது அவன் உடம்புக்குத் தக்கபடி வளர்ந்திருந்தது. யார் அளவெடுத்துச் சொன்னார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கைகளை விரித்துச் சிரித்தார்.

திரும்புகிற வழியில் தம்பி பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினான். பிறகு அவனை மதுரை பஸ் ஏற்றிவிடக் குமுளிக்குப் போனோம். உங்களுக்குத் தெரியும், குமுளியில் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லைக் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். இங்கே நான் பாண்டிக்காரி, ஊரில் மலையாளத்துக்காரி. இருபது வருடமாக அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் எந்தப் பக்கம் போனால் வீட்டுக்குப் போகிறேன் என்று எனக்கே சந்தேகம் வரும். “நீ இங்கயே நில்லுக்கா, வெயில்,” என்று தம்பி தனியாக நடந்தான். சோதனைச் சாவடியில் அவன் பையைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு சட்டை, மருந்து, கொஞ்சம் ஏலக்காய். சரி போ என்று கையசைத்தார்கள். இடுக்கி மழையிலும் மீன்கறியிலும் வளர்ந்த என் பெரிய பங்கை ஒருவரும் கேட்கவில்லை. அது தமிழ்நாட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டியது. மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் கேரளத்தில் நின்றேன். பஸ் மலையிறங்கத் தொடங்கியபோது, வலது விலாவுக்குக் கீழே தையல் போட்ட இடத்தில் என் கை தானாகப் போய் நின்றது.